ஒட்டாத கட்டைகள்

பழசு. சந்தேகமே வேண்டாம், பழசுதான். பெனிலா அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் கட்டையைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே எட்டுக் குமிழ், அடியில் மூன்று குழல், குழலுக்குப் பக்கத்தில் கடுகு கடுகாய் எழுத்து. குழல் இருந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுக்குப் பிந்தியது, அதற்கு முந்தி வந்த கட்டைகளுக்கு அடிவயிறு வெறும் கூடு. இப்படித்தான் சொல்கிறது, பழைய விளையாட்டுக் கட்டைகளைத் தேடிச் சேர்க்கிற பைத்தியங்கள் கூடி நடத்தும் இணையப் பக்கம். ஆக ஒரு சுவர் எழும்பியாயிற்று. இன்னொரு சுவர் வேண்டும். இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது, இதற்குப் பின்னால் செய்திருக்க முடியாது என்று இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் நடுவில் பொருளின் வயது அகப்பட்டுக்கொள்ளும், கதவிடுக்கில் எலி மாதிரி. அம்மாவும் அகப்பட்டுக்கொள்வாள். மணி பதினொன்றரை. இரண்டு மணிக்கு அம்மா இத்தாலியிலிருந்து கூப்பிடுவாள், பதினான்கு வருஷத்து ஞாயிறு இரண்டு மணி, ஜெனோவாவில் அப்போது பத்தரை. ஐந்து ஞாயிறாகப் பெனிலா எடுக்கவில்லை. இன்று ஆறாவது. வெள்ளிக்கிழமை சித்தி டெல்பின் மார்த்தாண்டத்திலிருந்து கூப்பிட்டு, ஊர் பூராவும் கேட்கிற குரலில், "இன்னா, ஒங்க அம்ம சொல்லியாச்சு கேட்டியா. இந்த ஞாயிறும் நீ எடுக்கல்லன்னா இனி அவ கூப்பிட மாட்டா. பிள்ளைக்குத் தொந்தரவா இருக்க வேண்டாம், அவளுக்கா எப்பம் தோணுதோ அப்பம் கூப்பிடட்டுன்னு சொல்லி ஒரே அழுகை. ஒனக்கு வாயி மட்டும் ஒரு முழம் நீளம் பிள்ள, நெஞ்சு எறும்பு நெஞ்சு" என்றாள். எறும்பு நெஞ்சாம். எடுக்கத்தான் போகிறேன் சித்தி, எடுத்து, எப்படி இருக்க, சாப்பிட்டியா ஒன்றும் கேட்காமல், நேராக விஷயத்துக்கு வரப்போகிறேன், ஆதாரத்தோடு. ஆதாரம் இல்லாமல் பேசி அவள் பழகவில்லை. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள், வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதன் வயதை நிறுவுங்கள் என்று பேராசிரியர் சொன்னபோது மற்ற எல்லோரும் செம்பும் பாக்குவெட்டியும் கொண்டுவர, அவள் ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து இறக்கிய முறுக்கு டின் நிறைய, ஏழு வயதில் அம்மா இத்தாலியிலிருந்து அனுப்பின பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டுபோனாள். "இதெல்லாம் சரித்திரமாம்மா?" என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும். பித்தளைக்கு மட்டும்தான் சரித்திரமா சார், பித்தளை வாங்க முடிந்த வீடுகளுக்கு மட்டும்தான் நேற்று என்று ஒன்று இருந்ததா சார் என்று அரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினாள், அவர் கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கட்டைக்கு வயது கண்டுபிடிப்பது அவருக்காக இல்லை. அது அவருக்கும் தெரியாது, அவளுக்கே முந்தாநாள்தான் தெரிந்தது. முதல் குற்றச்சாட்டு, நீ வாக்குத் தவறினாய். இரண்டாவது, நீ எப்போதுமே பொய்தான் சொன்னாய், ஏழு வயதுப் பிள்ளையிடமே சொன்னாய், கட்டையைக் கடையில் புதிதாக வாங்கினேன் என்றாய், கட்டை அப்போதே ஐம்பது வருஷத்துப் பழசு, இதோ ஆதாரம். ஆகவே இன்னும் ரெண்டே வருஷம் என்று நீ இப்போது சொல்வதை நான் எதற்காக நம்ப வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று இறங்கிவர வேண்டும், படிக்கட்டு மாதிரி. "சிஞோரா கண்ண மூடினா அடுத்த பிளேன் பிடிச்சு வந்திருவேன் மக்ளே" என்றுதானே சொன்னாய். சிஞோரா என்றால் அந்த ஊரில் அம்மணி, அம்மா பார்த்துக்கொண்ட கிழவி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சக்கர நாற்காலியில் வைத்துக் கடலைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வருகிற கிழவி. பெனிலாவுக்கு அப்போது ஆறு வயது. அப்பா என்கிறவர் அவள் பிறந்த வருஷமே கேரளத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார், அவர்மேல் அவளுக்குக் கோபம்கூடக் கிடையாது, கோபப்படுவதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமே. அம்மா பிலோமியைத் தெரியும். தெரிந்ததனால்தான் இவ்வளவும். மாலையில் சித்தி வீட்டில் ஜெபமாலை சொல்கிறபோது எல்லோரும் சமாதானத்துக்காகவும் மழைக்காகவும் வேண்டிக்கொள்ள, எட்டு வயதுப் பெனிலா மணி மணியாகத் தள்ளிக்கொண்டே, சிஞோரா சாகணும், சிஞோரா சாகணும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு முந்தின பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லவும் செய்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் காதை நெருக்கி வைத்து, "யாரு மக்ளே அந்தச் சிஞோரா?" என்றார். "தெரியாது ஃபாதர். அவ்வோ செத்தாத்தான் அம்ம வருவா." பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அந்த மூன்றையும் அவள் அதே வேண்டுதலுக்குத்தான் வைத்தாள். கிழவி சாகவில்லை. பத்து வயதில் சாகவில்லை, பூப்பெய்தியபோது சாகவில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தபோதும் சாகவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, இருபத்தெட்டு நாளுக்கு, அம்மா வந்தாள், பன்னிரண்டு வயதுப் பெனிலாவின் பாவாடை நீளம் தெரியாமல் முட்டிக்கு மேல் நிற்கிற சட்டைகளாக வாங்கி வந்தாள், மதியம் எல்லோரும் படுத்தாலும் தான் படுக்காமல் எங்கேயோ மணி அடிக்கப்போகிறது என்பதுபோல ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு வியர்வைகூட வேறு வாசனை அடித்தது. இந்த மார்ச்சில் சிஞோரா செத்தாள். பெனிலா நூலகத்தில் இருந்தாள், சித்தியின் குறுஞ்செய்தி வந்தது, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், பக்கத்து மேஜைப் பையன் திரும்பிப் பார்த்தான், உடனே சித்தியைக் கூப்பிட்டு அலமாரியில் ஒரு தட்டு காலி பண்ணி வை என்றாள். மூன்று வாரம் கழித்து அம்மா சொன்னாள், "இன்னொரு வீட்டுல ஆளு கேக்காவ மக்ளே, ரெண்டே வருஷம், நல்ல ஆளுகளாக்கும்." அப்போதுதான் பெனிலா அதைச் சொன்னாள். "ஊரான் அம்மைக்கெல்லாம் நீ மவ. எனக்கு மட்டும் நீ ஒரு போன் நம்பர்." நன்றாகத்தான் வந்து விழுந்தது வாக்கியம், பேச்சுப்போட்டியில் என்றால் கைதட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவள் எடுப்பதை நிறுத்தினாள், ஜெயித்தபிறகு என்ன பேசுவது.

பன்னிரண்டு. கீழே மெஸ்ஸில் வெங்காயம் வதங்குகிறது, ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு இன்னும் அரை மணி நேரம். பெனிலா கட்டைகளை நிறவாரியாகப் பிரித்துத் தரையில் வரிசை வைத்தாள், சிவப்பு பத்தொன்பது, வெள்ளை பதினாறு, நீலம் ஐந்து. இரண்டாவது சுவர். பக்கம் சொல்கிறது, அறுபத்துமூன்று வாக்கில் அந்த டென்மார்க் கம்பெனி பிளாஸ்டிக்கையே மாற்றிவிட்டது, அதற்கு முந்தின பிளாஸ்டிக் மரக்கூழிலிருந்து வருவது, பளபளப்பு ஒருமாதிரி மெழுகுத்தனமாக இருக்கும், நாள்பட்டால் வாடை வரும், எளிதில் வளையும். வாடை. மூக்கின் அடியில் வைத்தாள். முறுக்கு டின் வாடைதான் வருகிறது, எள்ளும் பழைய எண்ணெயும், சித்தியின் கிறிஸ்துமஸ். செங்கொடியைத்தான் கேட்க வேண்டும். அறைத்தோழி செங்கொடி வேதியியல், திருவாரூர்க்காரி, தலையில் துண்டோடு மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தவள் கதவிலேயே நின்று, "என்னடி இது, எல்கேஜி சேந்துட்டியா?" என்றாள். "முகர்ந்து பாரேன்." "எனக்கு வேற பொழப்பில்ல பாரு." ஆனால் குனிந்து எடுத்து முகர்ந்தாள், முகம் சுருங்கிற்று, நகத்தால் அடிப்பக்கம் சுரண்டி மறுபடியும் முகர்ந்தாள். "வினிகர். லேசா, ஆனா வினிகர்தான். இது செல்லுலோஸ் அசிடேட்டு, பழைய சினிமா ஃபிலிம் நாறும்பாங்களே, அது. உன் கட்டை செத்துக்கிட்டு இருக்குடி, மெதுவா." "அப்ப அறுபத்துமூணுக்கு முந்தினதுதானே? உறுதியாச் சொல்லு." "நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? பிளாஸ்டிக்கச் சொன்னேன், வருஷத்த நீ போட்டுக்க. ஏன் மூஞ்சி இப்படிப் பளபளங்குது, புதையலா?" "ஒரு பொய்யக் கண்டுபிடிச்சிருக்கேன்." "யாரு பொய்?" "எங்கம்மா." செங்கொடி துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டே அவளைப் பார்த்தாள். "எங்கம்மா மூணு வேளையும் எதிர்லயே நிக்குது, அது சொல்ற பொய்ய எண்ண நோட்டு பத்தாது. நீ என்னடான்னா லென்ஸ் வெச்சுத் தேடுற. கோழி தீந்துடும், வந்து சேரு" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்துமூன்றுக்கும் நடுவில். அம்மா பிறந்தது எழுபத்தெட்டில். அம்மாவைவிட மூத்த கட்டைகள். பெனிலா அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள், போட்டபிறகு கொண்டாட்டமாக ஏதாவது வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. சரி, கடையில் வாங்கவில்லை. அப்படியானால் எங்கே கிடைத்தது. சிஞோராவுக்கு ஒரு மகன் உண்டு, அர்ஜென்டினாவிலோ எங்கேயோ, அறுபது தாண்டியவன், வருஷத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறவன். அவன் கட்டைகள். அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது வந்த கட்டைகள். அதைக் கிழவி ஐம்பது வருஷம் வைத்திருந்தாள், எந்தப் பெட்டியில், யாருக்காக. அதை அவளாக எடுத்துக் கொடுத்தாளா, அல்லது அம்மா கேட்டாளா. இது பெனிலாவை முள்போல ஒரு இடத்தில் பிடித்து நிறுத்தியது. அம்மா கேட்டிருப்பாளா. போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அந்தப் பாஷையில் அவளுக்கு அப்போது சூப்பு, மாத்திரை, வலி, கக்கூஸ், இவ்வளவுதான் வார்த்தை. பரணைக் கையால் காட்டி, பிறகு தன் இடுப்பளவு உயரத்தைக் கையால் காட்டி, எனக்கு இவ்வளவு உயரத்தில் ஒன்று உண்டு என்று கையாலேயே. சீ, இது ஆதாரம் இல்லை, கற்பனை. பேராசிரியர் இதைத்தான் வட்டம் போட்டு விடுவார். ஆனால் அந்தக் கை போகமாட்டேன் என்றது, காற்றில் ஒரு பிள்ளையின் உச்சந்தலையைத் தொடுகிற மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

போகட்டும், வேலையைப் பார்ப்போம். இரண்டு சிவப்பை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினாள். உட்காரவில்லை. ஒரு ஓரம் அமுங்கினால் மறு ஓரம் வாயைத் திறக்கிறது. வேறு இரண்டு. அதுவும். சின்ன வயதிலிருந்து இப்படித்தான், ஒட்டவே ஒட்டாத கட்டைகள், கையை எடுத்தால் சரிந்துவிடும், அதனால்தானே டின்னுக்குள் போய்ப் பரணுக்குப் போயிற்று. அதனால்தானே அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் கத்தினாள். ஏழு வயது, சித்தியின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "நீ அனுப்பினது டூப்ளிகேட். ஒண்ணும் ஒட்டல்ல. ஒன்ன யாரோ ஏமாத்திட்டாவ. அடுத்த வீட்டு ஜெபின்கிட்ட இருக்கது நல்லா ஒட்டுகு, அவனுக்க அப்பா துபாய்லேருந்து கொண்டுவந்தது" என்று. டூப்ளிகேட் என்ற வார்த்தையை அவள் அப்போதுதான் கற்றிருந்தாள், அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்த சந்தோஷம்கூட இருந்தது அதில். அம்மா, "அப்படியா மக்ளே, கடக்காரன் ஏமாத்திட்டான் போல" என்றாள். கடைக்காரன். இல்லாத கடைக்காரன். ஆக, அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் அது ஒட்டுகிற கட்டை என்று, ஒரு பிள்ளை வளர்ந்து முடிக்கிறவரை ஒட்டிய கட்டை என்று, அனுப்புவதற்கு முன்னால் அவளே இரண்டை எடுத்து ஒட்டிப் பார்த்திருக்கமாட்டாளா. பின்னே ஏன் ஒட்டவில்லை. பெனிலா போனில் அந்தப் பக்கத்தை மறுபடி கீழே தள்ளினாள், இந்த இடம் வரை அவள் படித்திருக்கவில்லை, வயது கிடைத்ததும் நிறுத்திவிட்டாள். பராமரிப்பு என்று தனியாக ஒரு பத்தி. அறுபத்துமூன்றுக்கு முந்தின கட்டைகளைக் குளிர்ந்த நீரில் மட்டுமே கழுவுங்கள். சூடு பட்டால் உருமாறிவிடும், பார்வைக்குத் தெரியாத வளைவே போதும், பிறகு அவை ஒன்றோடொன்று பொருந்தா. உங்களுக்குக் கிடைக்கும் வளைந்த கட்டைகளில் பெரும்பாலானவை எந்தக் காலத்திலோ யாரோ வெந்நீரில் போட்டவை. எந்தக் காலத்திலோ, யாரோ. சிஞோராவாக இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது, இத்தாலியில் வெந்நீர் குழாயிலேயே வருமாமே. வயதானாலே வளையும் என்றும் மேலே போட்டிருக்கிறது, வயதால் வந்ததாகவும் இருக்கலாம். வெள்ளைக் கட்டைகள் எல்லாம் மஞ்சள் பாய்ந்திருப்பதும் வயதுதான். அப்படித்தான் அவள் நோட்டில் எழுதியும் இருந்தாள். ஒரு வெள்ளையை எடுத்துக் கவிழ்த்தாள். வெயிலில் வந்த மஞ்சள் என்றால் வெளிப்பக்கம் அல்லவா கூட இருக்க வேண்டும். வெளிப்பக்கம் இளம் மஞ்சள், உள்ளே, குழலைச் சுற்றி, தண்ணீர் தேங்கி வற்றுகிற மூலைகளில், மஞ்சள் கிழங்கை அரைத்துப் பூசின மாதிரி அப்பட்டமான மஞ்சள். அடுத்த வெள்ளை, அதுவும். மூன்றாவதில் ஒரு குழல் அடைத்திருந்தது. துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். காய்ந்து கறுத்த ஒரு சிம்பு வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது, ஒரு பக்கம் ரம்பம் மாதிரிப் பல், இலையின் ஓரம். கசக்கினால் தூள். நாக்கில் வைத்தாள், வைத்திருக்கக் கூடாது, வைத்தாள். கசப்பு என்று ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் அந்த நேரத்தில் வாய் பூராவும் கசந்தது, முதுகின்கீழ் நறநறவென்று இலை, வேப்பிலைமேல் விரித்த வெள்ளை வேட்டி, சொறியாத பிள்ள, சொறிஞ்சா குழி விழுந்துரும், இளநீர், உடம்பெல்லாம் நீர்கோத்த கொப்புளம். அம்மை. ஏழு வயதில் அவளுக்கு அம்மை போட்டது. எல்லோருக்கும்தான் போடும், அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். போட்ட இரண்டாம் நாள்தானே பார்சல் வந்தது. வெளியே விளையாடப் போக முடியாத பிள்ளைக்கு மாதா அனுப்பின மாதிரி வந்திருக்கு பாரு என்று சித்தி வேட்டிமேல் கொட்டினாள், சிவப்பு, வெள்ளை, நீலம், எல்லாம் பளபளவென்று. அவள் படுத்தபடியே, ஒருக்களித்து.

ஒட்டியது. பெனிலா இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். ஒட்டியது, டக் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு, ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் விரல் எலும்பு வரைக்கும் வந்தது, பிரிக்கப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது, கடிக்காத பிள்ள என்று சித்தி அடுக்களையிலிருந்து கத்தினாள். சிவப்பில் நாலு சுவர், வெள்ளையில் ஜன்னல் ஓரம், கூரை வைக்கக் கட்டை போதாது, அதனால் மேலிருந்து உள்ளே பார்க்கலாம், அதற்குள் இரண்டு புளியங்கொட்டை, ஒன்று பெரிசு ஒன்று சின்னது. ஏழு நாள். அப்புறம் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்றைக்கு, முற்றத்தில் பெரிய அண்டா, வேப்பிலையும் மஞ்சளும் தளதளவென்று கொதிக்க, அம்மை கண்ட பிள்ளை தொட்டது எல்லாவற்றையும் அதில் போட வேண்டும், வேட்டி, தலையணை உறை, டம்ளர். சித்தி இடுப்பில் அவளுடைய ஆறு மாதத்து மகன் ஜோபின், அவனுக்கு வந்துவிடுமோ என்கிற பயம், அவள் அந்த வீட்டை அப்படியே அள்ளி, பெனிலா வேண்டாம் வேண்டாம் என்று இழுக்க, "ஏன் பிள்ள அழுக, இது வெளிநாட்டுச் சாமான், இந்த வெந்நீருக்கெல்லாம் அசையுமா, இரும்பு மாதிரியாக்கும்" என்று அண்டாவில் சாய்த்தாள். அசையாது என்று நம்பினாள். இங்கே எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள், வெளியிலிருந்து வருகிறது எதுவும் உருகாது, ஒரு பெண்பிள்ளையை ஆறு வயது மகளிடமிருந்து பிய்த்து அந்த ஊரில் கொண்டுபோய் வைத்தாலும் அது அப்படியே இருக்கும், வருஷம் போனால் கழுவிக் கொண்டுவந்து இங்கே பொருத்திக்கொள்ளலாம். கட்டை வெயிலில் காய்ந்தது. மறுநாள் ஒட்டவில்லை. ஏழு நாளை அவள் எங்கே போட்டாள், எப்படி ஒரு பிள்ளை அந்த டக் சத்தத்தை மறந்துவிட்டு ஒட்டவே இல்லை என்று மட்டும் பதின்மூன்று வருஷம் வைத்துக்கொள்ளும். சித்தியைத் திட்ட முடியாது, சித்திக்குக் கைக்குழந்தை. சிஞோராவைத் திட்ட முடியாது. கடைக்காரனே கிடையாது. அம்மா, அம்மா என்ன செய்தாள், டூப்ளிகேட் என்று கேட்டபிறகு. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்த பார்சலில், சட்டைக்கு நடுவில், பொம்மைப் பெட்டிக்கு அடியில், கடைக்காரன் கொடுத்த ரசீது மடித்து வைத்திருக்கும். எல்லா வருஷமும். பாஷை புரியாத ரசீது. பெனிலாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும், எவ்வளவு செலவழித்தேன் பார் என்று காட்டுகிறாள், ஆள் வராமல் ரசீது அனுப்புகிறாள் என்று. போன வருஷம் செங்கொடியிடம்கூட அதைச் சொல்லிச் சிரித்தாள். ரசீது. இது கடையில் வாங்கினது மக்ளே, நிசமாட்டு, புதுசு, வேற யாருக்குள்ளதும் இல்ல. அதைத்தான் அந்தக் காகிதம் வருஷா வருஷம் வந்து சொல்லியிருக்கிறது, அவள் படிக்கவில்லை. சரித்திரம் படிக்கிறவள். பயம் வந்தது, அம்மாவைக் கோபித்துக்கொள்ள இத்தனை நாள் அடுக்கின படிக்கட்டு இப்போது காலின்கீழ் இல்லை, அது இல்லாவிட்டால் அம்மா வேண்டும் என்பது மட்டும்தான் மிச்சம் இருக்கிறது, வெறும் அது, ஏழு வயதுக்காரி மாதிரி, அம்மா வேணும். அதை வைத்துக்கொண்டு என்ன வாதம் பண்ணுவது.

மணி பன்னிரண்டு நாற்பது. இரண்டு மணிவரை இருக்க முடியாது என்று தோன்றியது. அங்கே ஒன்பது பத்து, அம்மா போயிருக்கும் புது வீட்டிலும் கிழவிக்குக் காலைச் சாப்பாட்டு நேரம், அந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது என்பது பதினான்கு வருஷத்துச் சட்டம். அவளாக அம்மாவைக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று, எப்போதும் அங்கிருந்துதானே வரும். போன் போயிற்று, அந்த ஊர் மணியோசை, ஒற்றையாய் நீண்டு, இடைவெளி விட்டு. எடுக்காவிட்டால், எடுக்கவே வேண்டாம் என்று அம்மா இன்றைக்கு முடிவு பண்ணியிருந்தால். நான்காவது மணியில் எடுத்துவிட்டாள். "என்ன மக்ளே? என்னாச்சு? சித்திக்கு ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பின்ன எதுக்கு இந்நேரத்துல? ஒனக்கு மேலுக்கு வல்லதும் முடியல்லியா?"

"இல்ல. அம்மா, அந்தக் கட்டை டூப்ளிகேட் இல்ல."

"எந்தக் கட்டை?" என்றாள் அம்மா. ஏதோ சட்டியின்மேல் மூடி வைக்கிற சத்தம். "ஆமா" என்றாள், மெதுவாக. "அது செத்துப்போன சிஞோராக்க மகனுக்குள்ளது மக்ளே. கடையில வாங்கினேன்னு நான் சும்மா சொன்னேன். வீட்டுவேலைக்குப் போன எடத்துல குடுத்த பழசுன்னு சொன்னா ஒன்ன யாராவது கேலி பண்ணுவாவன்னு."

"எனக்குத் தெரியும். அது ஒட்டுச்சும்மா. எனக்கு அப்பம் அம்மை போட்டிருந்துல்லா, அதுக்குப் பொறவு சித்தி வெந்நீர்ல போட்டா, அதான் வளைஞ்சுட்டு. மொதல்ல ஒட்டுச்சு. நல்லா ஒட்டுச்சு. நான் வீடு கெட்டினேன்."

"ஒட்டுச்சா?" என்றாள் அம்மா. குரல் எங்கேயோ உயரத்தில் போய் நின்றது, ஒரு பெண்பிள்ளையின் குரல், பெனிலாவைவிடச் சின்னவளின் குரல். "எத்தன நாளு?"

"ஏழு நாளு."

"ஏழு நாளு வெச்சு வெளையாடினியா! நான் ஒண்ணுக்கும் ஆகாதத அனுப்பி ஒன்ன அழவெச்சுட்டேன்னுல்லா நெனச்சுட்டு இருந்தேன் இவ்வளவு காலமும்." சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. பெனிலா ஒரு சிவப்புக் கட்டையை உள்ளங்கையில் வைத்து இறுக்கினாள், குமிழ்கள் எட்டும் பதிந்தன. சொல்லவேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்த எதுவும் வாயில் வரவில்லை. ஏன் வரமாட்டேங்கிற என்றுதான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள், அதில் கேள்வியே இல்லை, தீர்ப்புத்தான். "எப்பம்மா வருவ?" என்று கேட்டாள்.

சிஞோரா கண்ண மூடினா, ரெண்டே வருஷம், இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா, இதில் ஏதாவது ஒன்று வரும் என்று பெனிலா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். "தெரியல்ல மக்ளே" என்றாள் அம்மா. "நிசமாட்டும் தெரியல்ல. வந்தா நான் அங்க என்ன செய்வேன்னு நெனச்சாப் பயமா இருக்கு. ஒனக்கு என்ன புடிக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

பெனிலாவுக்கு வலித்தது, ஆனால் கால் தரையில் இருந்தது. இவ்வளவு உறுதியான எதையும் இந்தப் போனில் அவள் கேட்டதில்லை. அந்தப் பக்கம் ஒரு இருமல், கரண்டி தட்டில் விழுகிற சத்தம், அம்மா போனிலிருந்து வாயை அகற்றி அந்தப் பாஷையில் ஏதோ கொஞ்சினாள், திரும்பி வந்து, "இன்னா, கெழவிக்க வாயில கஞ்சி இருக்கு, விக்கிரும். வெச்சிட்டுப் பொறவு கூப்பிடட்டா? எடுப்பியா?" என்றாள்.

"நீ குடு. நான் வைக்கல்ல" என்றாள் பெனிலா. கீழே செங்கொடி படிக்கட்டிலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கத்தினாள், கோழி தீர்ந்துவிட்டதாம். பெனிலா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அம்மா, அவ்வளுக்க பேரு என்னது?"

"யாருக்க பேரு?"

"இந்தச் சிஞோராக்கு."

"எர்மினியா" என்றாள் அம்மா, ஆச்சரியத்தில் சற்று உரக்கவே சொல்லிவிட்டாள். உடனே கொஞ்சம் தள்ளி, வாய் நிறையக் கஞ்சியோடு, ஒரு கிழக்குரல் என்ன என்று கேட்டது.